கேகாப்ஸின் தொடை

"தொடை எலும்பு போச்சு தம்பி! தூள்தூளாப் போச்சு!"

பெருக்குகிற அக்கா போட்ட அலறலில், சாப்பிட உட்கார்ந்த வாட்ச்மேன் டப்பாவும் கையுமாக ஓடி வந்தார். "ஐயையோ! ஆஸ்பத்திரிக்கு போன் போடட்டுமாக்கா?"

"என் தொடை இல்லப்பா, இவன் தொடை!"

அக்கா காட்டியது அந்த மியூசியத்தின் ஒரே பெருமையான கேகாப்ஸை. தவளைக்குத் தூரத்துச் சொந்தம், ஆனால் தரையில் நடந்தே வேட்டையாடித் தின்ற பூனை சைஸ் பிராணி. 'இருபத்தெட்டுக் கோடி வருடப் பழமை, கல்லாய் இறுகிய எலும்புக்கூடு' என்று பலகை பீற்றிக்கொண்டது.

"இத்தனை கோடி வருஷம் சும்மா கிடந்த பாவி, என் துடைப்பக்கட்டை பட்டா உடையணும்? அடுத்த வாரம் வேலைய நிரந்தரம் பண்றேன்னாங்களே!" கையில் ஒட்டிய வெள்ளைப் பொடியைத் தட்டியபடி அக்கா அழுதார். போதாக்குறைக்கு, கேகாப்ஸைச் சோதிக்க ஒரு நிபுணர் அம்மா இன்னும் ஒரு மணி நேரத்தில் வருகிறார்.

வாட்ச்மேன் எலும்புக்கூட்டைப் பார்த்தார். டப்பாவைப் பார்த்தார்.

"அக்கா, கோழிக்கால் அளவு சரியா வரும்போல."

"அப்ப ஏன் பாத்துக்கிட்டு நிக்கிற? சீக்கிரம் தின்னு!"

கடமை தவறாத வாட்ச்மேன் கடித்துத் துப்புரவாக்கிக் கொடுத்தார். அக்கா எலும்பைக் கழுவி, டீயில் ஊறவைத்துப் பழுப்பாக்கி, பசை போட்டு ஒட்டினார்.

நிபுணர் அம்மா வந்துவிட்டார். "பாலைவனத்துல நானே தோண்டி எடுத்தது மேடம்!" என்று மியூசியத் தலைவர் மீசையை முறுக்கினார்.

அந்த அம்மா பூதக்கண்ணாடியோடு மண்டையில் ஆரம்பித்து ஒவ்வொரு எலும்பாக வந்தார். ஒவ்வொன்றுக்கும் உதட்டைப் பிதுக்கினார்.

தொடைக்கு வந்ததும் நின்றார். நகத்தால் சுரண்டினார். முகர்ந்து வேறு பார்த்தார்.

"அம்மா... அது வந்து..." என்று வாயெடுத்த அக்காவின் காலை வாட்ச்மேன் மிதித்தார்.

நிபுணர் அம்மா நிமிர்ந்து தலைவரை ஒரு முறை முறைத்தார்.

"இந்த மொத்தக் கூட்டுலயும் இது ஒண்ணுதான் சார் நிஜ எலும்பு!"