சுவர் தாண்டும் அத்தியாயம்

பதினாறு வயதானதும் பிள்ளைகளை அரசு ஆட்கள் உட்காரவைத்து ஒரு நாவலைப் படிக்கச் சொல்வார்கள். கடையில் கிடைக்கிற நாவல்தான். அதில் ஒரு பெண் அரசை எதிர்த்து, நகரச் சுவரைத் தாண்டிக் குதிப்பாள். பத்து முறை படித்த பிள்ளைக்கும் அந்த இடத்தில் நெஞ்சு படபடக்கும். படபடத்தால் கையில் கட்டிய பட்டை சிவப்பாகும். சிவப்பான பிள்ளைகள் வீடு திரும்புவதில்லை. என் மூத்தவன் திரும்பவில்லை.

இளையவள் ஷோபிகாவும் கதை என்றால் சோற்றை மறப்பவள். நாங்கள் தப்பிக்க என் தம்பி வழி பார்த்துக்கொண்டிருந்தான். அதுவரை அவள் பிழைக்க வேண்டும். எனக்குத் தெரிந்த ஒரே வழியில் அந்தக் கதையைக் கொன்றேன். டியூஷன் எடுத்தேன்.

"சுவரோட உயரம்?"

"முப்பது அடி."

"அவ குதிச்சதுக்கு மூணு காரணம் சொல்லு."

முதலில் அழுதுகொண்டே ஒப்பித்தாள். பிறகு கொட்டாவி விட்டுக்கொண்டு.

இன்று பரீட்சை. பட்டை பச்சையாகவே இருந்தது. வாசலிலேயே அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். பிறகு நேராக எங்கள் நகரத்தின் வடக்குச் சுவருக்கு இழுத்துப் போனேன். அங்கே என் தம்பி ஏணி சாத்தி வைத்திருந்தான்.

"ஏறுடி. சீக்கிரம்."

"எதுக்கும்மா?"

"எதுக்கா? உனக்குத் தெரியாதா?"

"தெரியும். மூணு காரணம்."

மூன்றையும் வரிசை மாறாமல் ஒப்பித்தாள். ஏணியில் கால் வைக்கவில்லை.