சீட்டைப் பிடிப்பவள்

ஜெர்மனியின் கோட்புஸ் சைக்கிள் பந்தயத் தடத்தில் மதிய வெயிலில் கண் கூசுகிறது. பிரேக் இல்லாத சைக்கிள். ரோஸ்விதாவின் பாதங்கள் பெடலோடு கட்டப்பட்டிருக்கின்றன. விசில் ஊதும்வரை அவள் விழாமல் சீட்டைப் பிடித்துக்கொள்வது என் வேலை. என் முழங்கால் போவதற்கு முன்னால், இதே பந்தயத் தடத்தில் அவளை மூன்று முறை தோற்கடித்தவள் நான். இப்போது உலக சாம்பியன் சட்டையின் வானவில் பட்டை அவள் முதுகில், என் மூக்குக்கு நேரே.

"வீப்கே, கை நடுங்குதாடி?" என்கிறாள்.

"உன் தொடைதான்டி நடுங்குது."

சிரிக்கிறாள். "நீ பிடிச்சாதான் எனக்குப் பயமே இல்ல."

இரண்டு விரலால் லேசாகச் சாய்த்தால் போதும், தரையில் கிடப்பாள். விசில் ஒலிக்கிறது. நேராகத்தான் விடுகிறேன். கடைசிச் சுற்றுக்கு மணி அடித்ததும் அவள் சீறிப் பாய்கிறாள். கூட்டம் அவள் பெயரைக் கத்துகிறது. அவளை முந்துவதற்காக, நின்ற இடத்திலேயே என் தொடைகள் இறுகுகின்றன.