ஸ்பெஷல் தீனி

“தம்பி, இந்த டப்பாவை எடுத்துகினு கெளம்பு. போதும்!”

கரீம் பாய் நீட்டிய டப்பாவைத் தனசிங் தயங்கித் தயங்கி வாங்கினான். மாட்டுத் தீவனத்தில் கலக்கும் என்சைம் பவுடர் அது. ஊரப்பாக்கத்தில் மாடு வைத்திருப்பவர்களுக்கெல்லாம் பாய் சொல்வதுதான் வேதவாக்கு. அவர் திருப்பிக் கொடுத்தால் மற்றவர்களும் கொடுப்பார்கள். அப்புறம் விற்பனைப் பிரதிநிதி தனசிங்கின் வேலை அம்பேல்.

“ஒரு மாசமா போடுறேன். பால் ஒரு சொட்டு ஏறல.”

“சினை மாடு பாய். பால் குறையாம நிக்கிறதே பெரிய விஷயம். இது தீனியை நல்லா செரிக்க வைக்கும். தின்னதெல்லாம் உடம்புல ஒட்டும்.”

“மாட்டு வயித்துக்குள்ள பூந்தா பாக்க முடியும்? கண்ணுக்குத் தெரியிற மாதிரி இன்னா ஆச்சு, அதைச் சொல்லு.”

தனசிங் மாட்டைப் பார்த்தான். மாடு அவனைப் பார்த்தபடி நிதானமாக அசைபோட்டது. சாட்சி சொல்லும் உத்தேசம் அதற்கு இல்லை.

“நீ வந்த நேரமே சரியில்ல. பக்கத்து வூட்டு லோகநாயகி அக்காகிட்ட தினம் நாட்டுக்கோழி முட்டை வாங்குவேன். ‘ஸ்பெஷல் தீனி போட்டு வளக்குறேன்’னு டபுள் ரேட் வாங்கும். ருசிக்காவ நானும் குடுத்துகினு இருந்தேன். இப்ப அதுவும் நின்னுபோச்சு.”

சொல்லி வாய் மூடவில்லை, லோகநாயகியே கேட்டைத் தள்ளிக்கொண்டு வந்தாள். இடுப்பில் ஒரு கோழி, இளைத்துப்போய்க் கிடந்தது.

“நீதானா அந்தப் பவுடர்காரன்? பாய் அதைக் கலக்க ஆரம்பிச்சதுலேர்ந்து என் கோழிங்க முட்டையே வைக்கல. நல்லாருப்பியா நீ?”

“கேட்டுகினியா?” என்றார் பாய். “மாட்டுக்குப் போட்டா கோழிக்கு ஆவல!”

தனசிங்குக்கு அழுகையே வந்துவிட்டது. “அக்கா, பவுடர் தின்றது மாடு. உங்க கோழிக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?”

“இன்னா சம்பந்தமா? முன்னெல்லாம் இந்த மாட்டுச் சாணியக் கிளறினா மக்காச்சோளம் முழுசு முழுசா கெடக்கும். என் கோழிங்க காலையில வந்து வயிறு முட்டத் தின்னுட்டுப் போவும். இப்ப எவ்ளோ கிளறினாலும் ஒத்த மணி கெடைக்கலியே!”

தனசிங் டப்பாவை மெல்ல பாயின் பக்கம் நகர்த்தினான். பாய் அதை வாங்கி அக்குளில் இடுக்கிக்கொண்டார். ஆனால் அவர் கண் லோகநாயகியை விட்டு நகரவில்லை.

“ஏங்க்கா... அப்போ டபுள் ரேட் வாங்கினியே, அந்த ஸ்பெஷல் தீனி என் மாட்டுச் சாணிதானா?”