அடுத்த கை

“ஜோதி, நல்லா பார்த்துக்க. தம்பி தாடைய கீழ தாழ்த்தினாதான் கூழு வயித்துக்குப் போவும். அண்ணாந்தா மூச்சுக்குழாய்ல பூந்து பொரை ஏறிடும்,” என்று மகளுக்குப் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தாள் ஜானகியம்மாள்.

“தெரியும்மா.”

“இன்னாத்த தெரியும்? கும்மிடிப்பூண்டி கம்பெனியே கதின்னு ஓடிக்கினு இருந்த. எனக்கப்பறம் கொயந்தைக்கு நீதான். எங்க, ஒரு வாய் ஊட்டு.”

ஜோதிலட்சுமி ஸ்பூனை எடுத்தாள். வாய்க்குப் போகுமுன்பே கூழ் தம்பியின் சட்டையில் கொட்டியது.

“கை ஏண்டி இப்பிடி நடுங்குது?”

“மெஷின்ல நிக்கும்போதே நடுக்கம்தாம்மா. நீதான, ‘ரிடையர் ஆனப்பறம் கத்துக்கலாம்’னு சொன்ன?”

ஜானகியம்மாள் மகளின் நரைத்த தலையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அம்மா சொன்னபடியே தாடையைத் தாழ்த்தி, வாயைத் திறந்துகொண்டு, அந்த ஐம்பத்தைந்து வயதுக் குழந்தை காத்திருந்தது.