மெயினை அணைங்க

"மெயினை அணைங்க மேடம்."

இதை மட்டும் கேட்டுவிடாதே, கேட்டால் பங்களாவுக்குப் பின்னால் குடியிருக்கிற ரூமைப் பிடுங்கிக்கொள்வார்கள் என்று அம்மா மகாராணி சொல்லிச் சொல்லி வளர்த்திருந்தாள். இந்து ஏணியின் நாலாம் படியில் நின்றபடி கேட்டேவிட்டாள்.

கீழே பங்களா ஓனர் ஜோதிமணி மேடம் போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "சுவிட்சத்தான் அணைச்சாச்சே. வெரசா முடி."

கொடைக்கானலில் சீசன் தொடங்கும் முன் இந்தப் பழைய பங்களாவின் பதினாறு கண்ணாடி ஷேடுகளையும் கழற்றி, கழுவி, மாட்டியாக வேண்டும். மழைக்காலம் முழுக்க விட்டில்கள் உள்ளே விழுந்து செத்து, ஈரத்தில் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டிருக்கும். ஷேடு இறங்கியதும் பல்பைக் கழற்றி, பித்தளை ஹோல்டருக்குள் ஈரத்துணியை விட்டுத் துடைக்க வேண்டும். பித்தளை மின்னாவிட்டால் மேடம் மறுபடி ஏறச் சொல்வார்.

துடைக்கிற கையில் சுள்ளென்று ஏறும். அம்மாவுக்குப் பதினோரு வருஷமாக ஏறியது.

"கரண்டு வெளக்குன்னா கொஞ்சம் கடிக்கத்தான் செய்யும்" என்பாள் மகாராணி.

போன வருஷம் கடித்ததில் ஏணியிலிருந்து விழுந்தாள். வலது கையில் இரண்டு விரல்கள் இன்னும் மடங்கவில்லை. விழுந்து கிடந்தபடி அவள் முதலில் கேட்டது, ஷேடு உடைந்ததா என்று.

அந்தக் குடும்பத்தின் முதல் டிகிரி இந்துவுடையது. அதுவும் பிசிக்ஸ். இந்த வருஷம் அம்மாவுக்குப் பதிலாக ஏறிய ஐந்தாவது நிமிஷம் கண்டுபிடித்துவிட்டாள். வயரிங் செய்தவன் சுவிட்சைத் தப்பான வயரில் கோத்திருக்கிறான். சுவிட்சை அணைத்தால் வெளிச்சம்தான் போகும், ஹோல்டரில் கரண்டு போகாது.

டெஸ்டரை ஹோல்டருக்குள் வைத்தாள். அதன் பிடிக்குள் சிவப்புப் பொட்டாக எரிந்தது.

"பாத்தீங்களா? இதான் நீங்க அணைச்ச லைட்டு."

மேடம் பார்த்தார். நன்றாகவே பார்த்தார்.

"மாடியில கெஸ்ட் மீட்டிங்ல இருக்காங்க. வைஃபை போச்சுன்னா ரிவ்யூல கிழிச்சிருவாங்க. உங்கம்மா ஒரு நாளாச்சும் இப்படிக் கேட்டிருக்காளா?"

"கேட்டிருந்தா வெரலு மடங்கியிருக்கும்."

மேடத்தின் குரல் இறங்கியது. "படிச்ச திமிர எங்கிட்ட காட்டாத. இஷ்டமில்லன்னா சாயங்காலத்துக்குள்ள ரூமக் காலி பண்ணிரு."

இந்தச் சொல்லுக்குப் பயந்துதான் பதினோரு வருஷம் ஒருத்தி வாயைத் திறக்கவில்லை.

இந்து நிதானமாக இறங்கினாள். ஈரக்கையைச் சுடிதாரில் துடைத்துக்கொண்டாள். துப்பட்டா முடிச்சை அவிழ்த்து, ஒரு சாவியை மேஜைமேல் வைத்தாள்.

"ரூமு சாவிங்க."

ரூம் விடியும் முன்பே காலி. தகரப்பெட்டியும் அடுப்பும் அம்மாவும் முதல் பஸ்ஸில் கீழே பண்ணைக்காடு கிராமத்துக்குப் போயாயிற்று. அங்கே ஷீட் போட்ட வீடொன்றை இந்து போன வாரமே பேசி வைத்திருந்தாள். பஸ் கிளம்பும்போது அம்மா கையைப் பிடித்து இழுத்தாள். ஒரு சோலி பாக்கி இருக்கும்மா என்று இவள் மட்டும் இறங்கிக்கொண்டாள்.

"ஏய் இந்து, அப்ப மிச்ச ஷேடெல்லாம் யாரு..."

மேடம் கேட்டு முடிக்கும்போது அவள் கேட்டைத் தாண்டி, பனிக்குள் பஸ் ஸ்டாண்டை நோக்கி நடந்துகொண்டிருந்தாள்.