காவலுக்கு வந்த பலகை

பாறை இடுக்கில் ஒரு செடி, புல்லோடு புல்லாக யார் கண்ணிலும் படாமல் காலம் தள்ளிக்கொண்டிருந்தது. மலைக்கு நடைபாதை போட வந்தவர்கள் அதன் பக்கத்தில் ஒரு பலகையை நட்டார்கள்: ‘மிக அபூர்வமான செடி. தொடாதீர்கள்.’

“இனிமே பயப்படாத, நான் இருக்கேன்” என்றது பலகை.

“கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பி நில்லேன். உன்னைப் படிச்சிட்டுத்தான் எல்லாரும் என்கிட்ட வர்றாங்க” என்று கெஞ்சியது செடி.

பலகைக்குச் சுருக்கென்றது. நன்றி கெட்ட ஜென்மம் என்று நினைத்துக்கொண்டது.

மலையேற வந்தவர்கள் ஆளுக்கொரு இலை கிள்ளிப் பார்த்தார்கள். பொங்கல் லீவுக்கு வந்த ஒருவர் வேரோடு பெயர்த்து, ஈரத்துணியில் சுற்றி எடுத்துப் போனார்.

பலகை இரண்டு நாள் அழுதது. மூன்றாம் நாள், நட்டவர்களே வந்து அதைப் பிடுங்கி, மேல்பாறையில் மிஞ்சியிருந்த கடைசிச் செடியின் பக்கத்தில் நட்டார்கள்.

“பயப்படாத, நான் இருக்கேன்” என்றது பலகை.