நீளக் கூண்டு

சுவரில் இடமே இல்லை.

இதற்காகவே கால் மணி நேரம் முன்னால் வந்திருந்தார் மார்னிக்ஸ். ஆனால் காபிக் கடைச் சுவரை ஒட்டி ஏழு சைக்கிள்கள் ஏற்கெனவே நெருக்கியடித்து நின்றன. ஞாயிற்றுக்கிழமை சைக்கிள் கோஷ்டி முழுக்க வந்தாயிற்று.

வேறு வழியில்லாமல் தன் சைக்கிளை வேலிச் செடிக்குள் செருகினார், சங்கிலிப் பக்கம் உள்ளே போகும்படி. கையில் இரண்டு இடத்தில் முள் கீறியது.

அந்த ஊரில் யாரும் அப்படி நிறுத்துவதில்லை. சனிக்கிழமை முழுக்கத் துடைத்துப் பளபளப்பாக்கிய சங்கிலியை நாலு பேர் பார்க்காவிட்டால் அப்புறம் ஞாயிற்றுக்கிழமை எதற்கு?

ஆனால் இன்று அவர் சங்கிலியை யாரும் பார்க்கக் கூடாது.

போன வருஷம் முழங்காலில் கத்தி வைத்தார்கள். அதிலிருந்து, ஞாயிறுதோறும் கோஷ்டி ஏறுகிற ஹாஸ்பெர்க் மேடு என்றாலே அவருக்குப் பயம். கருங்கல் பதித்த செங்குத்து மேடு. அதில் காலைத் தரையில் ஊன்றியவன் அடுத்த வாரம் முதல் இரண்டாவது கோஷ்டி. சமவெளியில் மெதுவாகச் சுற்றிவிட்டு, வழியில் உட்கார்ந்து கேக் சாப்பிடுகிறவர்கள். அவர்களுக்கு இவர்கள் வைத்த பெயரே கேக் கோஷ்டி.

இலையுதிர் காலத்தில் வில்ஃப்ரீட் காலை ஊன்றினான். இருபத்தாறு வருஷம் கூடவே ஓட்டியவன். இப்போது வழியில் பார்த்தால் கையசைக்கிறான், அவ்வளவுதான். அன்று எல்லோரையும் விட உரக்கச் சிரித்தது தான்தான் என்பது மார்னிக்ஸுக்கு மறக்கவில்லை. மறக்கவும் முடியவில்லை.

வெள்ளிக்கிழமை, கடை அடைக்கிற நேரமாகப் பார்த்து சைக்கிள் கடைக்கார வேர்லேயிடம் போனார். பின்சக்கரத்தை ஒட்டி இரண்டு குட்டிப் பல்சக்கரங்களைப் பிடித்துக்கொண்டு தொங்குமே, அந்தக் கூண்டைக் கழற்றிவிட்டு நீளமானதாக ஒன்று போடச் சொன்னார். கூண்டு நீண்டால் சங்கிலியும் நீளலாம். சங்கிலி நீண்டால் பின்னால் பெரிய பல்சக்கரம் போடலாம். போட்டால் மேடு கொஞ்சம் மனமிரங்கும்.

அந்தக் கோஷ்டியில் இதைவிட வெட்கக்கேடு கிடையாது. அதற்குப் பதில் மோட்டார் வைத்துக்கொள்ளலாம் என்பார்கள்.

வேர்லே சிரிக்கவில்லை. "கவலப்படாதீங்கண்ணே. இந்தக் கடைக்குள்ள நடக்கிறது எதுவும் வெளிய போகாது," என்று மட்டும் சொன்னாள்.

காபிக் கடையிலிருந்து கிளம்பி மேட்டடிக்கு வந்ததும் பேச்சு நின்றது. எப்போதும் நிற்கும்.

முதல் வளைவுவரை முழங்கால் தாங்கியது. புதுப் பல்சக்கரத்தை அவர் தொடவில்லை. தொட்டால் சத்தம் கேட்கும். முப்பது வருஷமாக ஒன்றாக ஓட்டுகிறவர்களுக்கு ஒருவன் எந்தப் பல்சக்கரத்தில் மிதிக்கிறான் என்பது காதிலேயே தெரிந்துவிடும். போதாக்குறைக்கு முதுகுக்குப் பின்னாலேயே காஸ்டன். ஊருக்கே கேட்கிற வாய் அவனுக்கு.

இரண்டாவது வளைவில் முழங்காலுக்குள் ஏதோ நெருப்பாக எரிந்தது. முன்சக்கரம் ஒரு கல்லில் இடறி நின்று, போனால் போகிறதென்று மறுபடி நகர்ந்தது. இன்னும் நாற்பது மீட்டர்.

வலது கால் பெடலை விட்டுக் கழன்றுவிடும் போலிருந்தது. வில்ஃப்ரீட் கையசைப்பது கண்ணுக்குள் வந்து போனது.

மானம் போனால் போகட்டும். இந்த ஞாயிற்றுக்கிழமை போகக் கூடாது.

கியர் நெம்புகோலை அழுத்தினார்.

க்ளிக்.

சங்கிலி பெரிய பல்சக்கரத்தில் ஏறிய சத்தம் அந்த மேடெங்கும் கேட்டது போலிருந்தது. கால் லேசாயிற்று. காஸ்டன் இப்போது வாயைத் திறப்பான் என்று காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தார்.

காஸ்டன் வாயைத் திறக்கவில்லை.

க்ளிக்.

அவருக்குப் பின்னாலிருந்துதான் வந்தது. பின்பு முன்னாலிருந்து ஒன்று. பக்கத்தில் இரண்டு. அப்புறம் எண்ண முடியவில்லை, எல்லாம் ஒரே சமயத்தில் வந்தன.

காலையில் பார்த்த சுவர் அப்போதுதான் அவருக்கு நினைவு வந்தது. ஏழு சைக்கிள். ஒன்றில்கூடச் சங்கிலி கண்ணில் படவில்லை.

உச்சியில் எட்டுப் பேரும் இறங்கி நின்று மூச்சு வாங்கினார்கள். யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. தூரத்து மாட்டுப் பண்ணையைப் புதிதாகப் பார்ப்பது போல எல்லோரும் பார்த்தார்கள். சிரிப்பை அடக்கியதில் மார்னிக்ஸுக்கு விலா வலித்தது. முழங்கால் வலிக்கவில்லை.

கடைசியில் காஸ்டன்தான் முதுகுப் பையிலிருந்து போனை எடுத்தான்.

"வில்ஃப்ரீட்? நான்தான்டா. செவ்வாக்கெழம கடை தெறந்ததும் வேர்லேகிட்ட போய் நில்லு. எதுக்குன்னு கேக்காத, அவளுக்குத் தெரியும். அடுத்த ஞாயிறு கேக்கெல்லாம் கெடையாது உனக்கு."